மேற்படி போடாதீர்கள்

டீ சொல்லிவிட்டீர்களா? இன்னொன்றும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள். இது ஒரு கிளாஸில் முடிகிற பேச்சு இல்லை. பயப்பட வேண்டிய பேச்சும் இல்லை.

எக்ஸெல் என்றதுமே "எனக்கு ஃபார்முலா எல்லாம் வராதுங்க" என்று பின்வாங்குகிறவர்கள் நிறைய. ஃபார்முலா தெரியாததால் கணக்கைக் கெடுத்துக்கொண்டவர்கள் குறைவு. கூட்டுவதற்கு ஒன்று, எண்ணுவதற்கு ஒன்று, நிபந்தனை போட்டுக் கூட்ட ஒன்று. இந்த மூன்றும் கைக்கு வந்தால் வீட்டுக் கணக்கு, கடைக் கணக்கு, குடியிருப்போர் சங்கத்துக் கணக்கு எல்லாம் ஓடிவிடும். சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. நோட்டில் எழுதிப் பழகிய கை, திரையிலும் நோட்டில் எழுதுவது போலவே எழுதுகிறது. பார்க்க அழகாக இருக்கும். ஆனால் கேள்வி கேட்டால் பதில் வராது.

அதனால் ஒரு நோட்டையே எடுத்துக்கொள்வோம். மொய் நோட்டு. பேராவூரணி, கீரமங்கலம், வடகாடு பக்கம் ஆடி பிறந்தால் மொய் விருந்து களை கட்டும். மதுரை, தேனிப் பக்கம் கல்யாணம், காதுகுத்து எதுவானாலும் பந்தல் வாசலில் மொய் மேசை இருக்கும். இப்போது கம்ப்யூட்டரில் தட்டி ரசீதே அச்சடித்துக் கொடுக்கிற மேசைகளும் வந்துவிட்டன. மொய் நல்லதா கெட்டதா என்ற வழக்கை வேறொரு நாள் வைத்துக்கொள்வோம். நமக்கு வேண்டியது ஒன்றுதான். ஒரு வீட்டில் ஆயிரம் வரி உள்ள கணக்கு, பல வருஷம் கழித்துத் தேடி எடுக்கவேண்டிய கணக்கு என்று ஒன்று இருக்குமானால் அது மொய் நோட்டுதான். எந்த ஊரில் யார் எவ்வளவு செய்தார் என்பது, அவர் வீட்டுப் பத்திரிகை கைக்கு வந்த அன்றைக்குத்தான் அவசரமாகத் தேவைப்படும்.

எந்த மென்பொருள் என்பதில் நேரம் போக்க வேண்டாம். கையில் போன் மட்டும்தான் என்றால் கூகுள் ஷீட்ஸ். இணையம் இல்லாத கம்ப்யூட்டர் என்றால் லிப்ரே ஆபிஸ் கால்க். ஆபீஸில் எக்ஸெல் இருந்தால் எக்ஸெல். முதல் இரண்டுக்கும் காசு இல்லை. நான் சொல்லப்போவது பெரும்பாலும் மூன்றுக்கும் பொருந்தும்.

திறந்தால் வெறும் கட்டங்கள். மேலே இடமிருந்து வலமாக ஏ, பி, சி, டி என்று நெடுவரிசைகள். ஓரத்தில் மேலிருந்து கீழாக 1, 2, 3 என்று வரிகள். இரண்டும் சந்திக்கிற இடம் ஒரு கட்டம். அதைத்தான் செல் என்கிறார்கள். சி நெடுவரிசையில் இரண்டாவது வரி என்றால் அந்தக் கட்டத்தின் பெயர் சி2. இந்த விலாசம்தான் எல்லாவற்றுக்கும் அடிப்படை. ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: இங்கே நான் தமிழெழுத்தில் எழுதிக்காட்டுகிற சி2, சம் போன்றவற்றைத் திரையில் ஆங்கில எழுத்தில் தட்டவேண்டும். ஊர், பெயர் எல்லாம் தமிழிலேயே தட்டலாம்.

முதல் வரியில் தலைப்புகள். ஏ1-இல் ஊர், பி1-இல் பெயர், சி1-இல் தொகை. நம் பக்கம் ஊரை முதலில் சொல்லித்தானே பெயரைச் சொல்வோம், அதே முறை இருக்கட்டும். இரண்டாவது வரியிலிருந்து ஆட்கள். இப்படி ஐந்து பேரைத் தட்டிப் பாருங்கள்: பேராவூரணி, செல்வராசு, 1001. பேராவூரணி, கலியபெருமாள், 501. கீரமங்கலம், முத்துலட்சுமி, 501. ஆலங்குடி, ராமையா, 2001. பட்டுக்கோட்டை, ஜெயந்தி, 251. ஒரு கட்டத்தில் தட்டி டேப் விசையை அழுத்தினால் வலப்பக்கக் கட்டத்துக்குப் போகும். என்டர் அழுத்தினால் கீழே இறங்கும்.

இப்போது தள்ளி ஒரு வெறும் கட்டத்தில், ஜே1 என்று வைத்துக்கொள்வோம், இப்படித் தட்டுங்கள்: =சம்(சி2:சி6). என்டர் அழுத்தினால் 4255 என்று வரும். முன்னால் இருக்கிற சமக்குறிதான் முக்கியம். அது இல்லாவிட்டால் நீங்கள் தட்டியதை எழுத்தாக எடுத்துக்கொண்டு அப்படியே காட்டிவிட்டுப் போய்விடும். நடுவில் இருக்கிற முக்காற்புள்ளிக்கு 'முதல் வரை' என்று பொருள். சி2 முதல் சி6 வரை கூட்டு, அவ்வளவுதான்.

இதை நானே கால்குலேட்டரில் போட்டிருப்பேனே என்பீர்கள். போட்டிருக்கலாம். இப்போது கலியபெருமாளின் 501-ஐ 1501 என்று மாற்றுங்கள். ஜே1-ஐத் தொடவே வேண்டாம். அது தானாக 5255 ஆகியிருக்கும். இந்த ஒரு காரியத்துக்காகத்தான் இந்த மென்பொருளே பிறந்தது. 1978-இல் ஹார்வர்டு பிசினஸ் ஸ்கூலில் படித்துக்கொண்டிருந்த டான் பிரிக்ளின், வகுப்பில் கரும்பலகையில் போட்ட அட்டவணையில் ஒரு எண் மாறினால் அதைச் சார்ந்த எண்களையெல்லாம் அழித்து அழித்துத் திருத்த வேண்டியிருப்பதைக் கவனித்தார். எண்கள் தாங்களே திருத்திக்கொண்டால் என்ன என்று யோசித்தார். அவரும் பாப் ஃபிராங்ஸ்டனும் சேர்ந்து எழுதிய விசிகால்க் 1979-இல் ஆப்பிள் 2 கம்ப்யூட்டருக்கு வந்தது. அதில் மொத்தமே 63 நெடுவரிசை, 254 வரி. கம்ப்யூட்டர் எதற்கு என்று கேட்டுக்கொண்டிருந்த வியாபாரிகள் இந்த ஒரு மென்பொருளுக்காகவே கம்ப்யூட்டர் வாங்கினார்கள். அடுத்து 1983-இல் லோட்டஸ் 1-2-3, 1985-இல் எக்ஸெல். அந்த எக்ஸெலும் முதலில் மெக்கின்டாஷுக்குத்தான் வந்தது. விண்டோஸுக்கு வர இன்னும் இரண்டு வருஷம் ஆனது. இன்றைய எக்ஸெல் தாள் ஒன்றில் 10,48,576 வரிகள். ஊரையே கூட்டி விருந்து வைத்தாலும் நிரம்பாது.

கலியபெருமாளைத் திரும்ப 501 ஆக்கிவிடுங்கள். இப்போது நோட்டுப் பழக்கம் எப்படிக் கெடுக்கிறது என்று பார்ப்போம்.

மொய் நோட்டில் 1001 என்று மட்டும் எழுத நமக்கு மனசு வராது. 1001/- என்று கோடு இழுத்தால்தான் திருப்தி. பின்னால் யாரும் ஒரு எண்ணைச் சேர்த்துவிடக் கூடாதே என்று வந்த நல்ல பழக்கம் அது. செக்கிலும் அப்படித்தான் எழுதுகிறோம். அதைத் திரையில் செய்து பாருங்கள். செல்வராசுவின் கட்டத்தில் 1001/- என்று தட்டுங்கள். ஜே1 இப்போது 3254 காட்டும். சிவப்பு எழுத்து, எச்சரிக்கை, மணி எதுவும் இல்லை. கோடும் சிறு கோடும் சேர்ந்ததும் அது எண் இல்லை, வெறும் எழுத்து என்று மென்பொருள் முடிவு செய்துவிட்டது. எழுத்தை சம் கூட்டாது, சத்தம் போடாமல் தாண்டிப் போய்விடும். செல்வராசு மொய்யே செய்யவில்லை என்று கணக்கு சொல்கிறது. ஆனால் திரையில் அவர் பெயருக்கு நேரே தொகை பளிச்சென்று தெரிகிறது. இதைவிட ஆபத்தான பிழை இந்தத் தொழிலில் இல்லை என்பேன். தப்பு என்று கத்துகிற பிழையைத் திருத்திவிடலாம், சும்மா இருக்கிற பிழையை என்ன செய்வது?

கண்டுபிடிக்க இரண்டு வழி. ஒன்று, கண்ணால் பார்ப்பது. நீங்கள் எதையும் மாற்றாதவரை எண்கள் கட்டத்தின் வலப்பக்கம் ஒட்டி நிற்கும், எழுத்துகள் இடப்பக்கம் ஒட்டி நிற்கும். தொகை வரிசையில் ஒன்று மட்டும் இடப்பக்கம் ஒதுங்கி நின்றால் அதில் ஏதோ கோளாறு. இதற்காகவே, ஆரம்பத்தில் அழகுக்காக எல்லாவற்றையும் நடுவில் கொண்டுவந்து வைக்காதீர்கள். வைத்தால் இந்த அடையாளம் போய்விடும். இரண்டாவது வழி எண்ணிப் பார்ப்பது. =கவுன்ட்(சி2:சி6) என்பது எண் உள்ள கட்டங்களை மட்டும் எண்ணும். =கவுன்ட்டா(பி2:பி6) என்பது எது எழுதியிருந்தாலும் எண்ணும். பெயர் ஐந்து, தொகை நான்கு என்று வந்தால் ஒருவர் தொகை எழுத்தாக மாறியிருக்கிறது, அல்லது விட்டுப்போயிருக்கிறது. ஆயிரம் வரி இருந்தாலும் இந்தச் சோதனை ஒரு நொடி வேலை. பார்த்தாயிற்றா? செல்வராசுவைத் திரும்ப 1001 ஆக்கிவிடுங்கள்.

ரூபாய்க் குறியும் காற்புள்ளியும் வேண்டாமா? வேண்டும், ஆனால் அதை நீங்கள் தட்டவேண்டாம். வெறும் எண்ணைத் தட்டிவிட்டு, அந்த நெடுவரிசையைத் தேர்ந்து, ஃபார்மட் பகுதியில் ரூபாய் என்று சொல்லிவிடுங்கள். காட்டுவது வேறு, உள்ளே வைத்திருப்பது வேறு. ஒவ்வொரு கட்டமும் இந்த இரட்டை வாழ்க்கைதான் வாழ்கிறது. உள்ளே இருப்பதைப் பார்க்க, கட்டத்தைத் தொட்டுவிட்டு மேலே உள்ள நீளமான ஃபார்முலா பட்டையைப் பாருங்கள். கட்டத்தில் 4255 தெரியும், பட்டையில் =சம்(சி2:சி6) தெரியும். சில சமயம் கட்டம் முழுக்க ##### என்று வரும். பயப்படாதீர்கள், கணக்கு கெடவில்லை, நெடுவரிசை குறுகலாக இருக்கிறது. தலையில் உள்ள எழுத்தின் வலது விளிம்பைப் பிடித்து இழுத்துவிட்டால் சரியாகிவிடும்.

இந்த இரட்டை வாழ்க்கை தேதியில்தான் உச்சத்துக்குப் போகும். 15-08-2025 என்று தட்டினால் உள்ளே இருப்பது 45884 என்ற எண். 1900 ஜனவரி முதல் தேதியை 1 என்று வைத்து எண்ணிக்கொண்டே வந்த நாள் கணக்கு அது. அதனால்தான் ஒரு தேதியிலிருந்து இன்னொரு தேதியைக் கழித்தால் இடைப்பட்ட நாள்கள் கிடைக்கின்றன. வட்டிக் கணக்குப் போடுகிறவர்களுக்கு இது வரப்பிரசாதம். (வேடிக்கை ஒன்று: எக்ஸெலின் நாட்காட்டியில் 1900 பிப்ரவரி 29 என்று ஒரு நாள் இருக்கிறது. அப்படி ஒரு நாள் வரவே இல்லை, 1900 லீப் வருஷம் இல்லை. லோட்டஸில் இருந்த பிழையை, அந்தக் கோப்புகளோடு ஒத்துப்போக வேண்டும் என்பதற்காக எக்ஸெலும் வைத்துக்கொண்டது. இன்றுவரை திருத்தவில்லை.)

தொல்லை எப்போது என்றால், தேதி இல்லாததையும் தேதி என்று அது நினைத்துக்கொள்ளும்போது. அழைப்பிதழ் அனுப்ப விலாசம் தட்டுகிறீர்கள். கதவு எண் 5/11. என்டர் அழுத்தியதும் அது மே மாதமோ நவம்பரோ ஆகிவிடும். எந்த மாதம் என்பது உங்கள் கம்ப்யூட்டரில் இந்தியா என்று அமைத்திருக்கிறதா, அமெரிக்கா என்று அமைத்திருக்கிறதா என்பதைப் பொறுத்தது. இதில் நாம் மட்டும் அவதிப்படவில்லை. மனித மரபணுக்களில் மார்ச்1, செப்ட்2 என்ற மாதிரி சுருக்கப் பெயர் கொண்டவை இருந்தன. விஞ்ஞானிகள் அவற்றை எக்ஸெலில் தட்டத் தட்ட அது மார்ச் 1, செப்டம்பர் 2 என்று தேதியாக்கிக்கொண்டே இருந்தது. கடைசியில் 2020-இல் மரபணுக்களுக்குப் பெயர் வைக்கும் குழு, மரபணுக்களின் பெயரையே மாற்றிவிட்டது. மார்ச்1 இப்போது மார்ச்எஃப்1. மென்பொருளைத் திருத்துவதைவிட மரபணுவுக்குப் பெயர் மாற்றுவது சுலபமாக இருந்திருக்கிறது, பாருங்கள்.

நம் கதவு எண்ணுக்குப் பெயர் மாற்ற முடியாது. அந்த நெடுவரிசையைத் தட்டுவதற்கு முன்பே தேர்ந்து, ஃபார்மட்டில் டெக்ஸ்ட் என்று அமைத்துவிடுங்கள். ஒரே ஒரு கட்டம்தான் என்றால் முன்னால் ஒற்றை மேற்கோள் குறி ஒன்றைத் தட்டிவிட்டு எழுதலாம், அது திரையில் தெரியாது. போன் நம்பர், ஆதார், வங்கிக் கணக்கு எண், கதவு எண் எல்லாவற்றுக்கும் இதே வைத்தியம். 12 இலக்க ஆதாரை அப்படியே தட்டினால் எக்ஸெல் 1.23457இ+11 என்ற பாணியில் சுருக்கிக் காட்டும். பூஜ்யத்தில் தொடங்கும் கணக்கு எண்ணில் முன் பூஜ்யம் காணாமல் போகும். 15 இலக்கத்துக்கு மேல் போனால் மிச்ச இலக்கங்களைப் பூஜ்யமாக்கிவிடும், அது போனால் போனதுதான், திரும்பக் கிடைக்காது. எதை எண் என்று தட்டுவது, எதை எழுத்து என்று தட்டுவது என்று குழப்பம் வந்தால் ஒரு கேள்வி கேளுங்கள்: இதை நான் என்றைக்காவது கூட்டுவேனா? இரண்டு பேர் போன் நம்பரைக் கூட்டி யாருக்கு என்ன லாபம்?

அடுத்தது, நான் தலைப்பில் சொன்னது. நோட்டில் ஒரே ஊர்க்காரர்கள் அடுத்தடுத்து வந்தால் முதல் ஆளுக்கு ஊரை எழுதிவிட்டு, மற்றவர்களுக்கு 'மேற்படி' என்று எழுதுவோம், அல்லது இரண்டு புள்ளி வைத்துக் கீழே இழுத்துவிடுவோம். இல்லையென்றால் 'பேராவூரணி' என்று நடுவில் பெரிதாகத் தலைப்பு எழுதி, அடியில் ஐம்பது பெயரை அடுக்குவோம். காகிதத்தில் இதில் ஒரு குற்றமும் இல்லை. காகிதத்தில் வரிகள் இடம் மாறாது. மேலே இருப்பது என்றைக்கும் மேலேயே இருக்கும்.

ஷீட்டில் வரிகள் நடமாடும். நம் ஐந்து பேரில் கலியபெருமாளுக்கு ஊரின் இடத்தில் 'மேற்படி' என்று போட்டுவிட்டு, பட்டியலைப் பெயர் வாரியாக அகர வரிசையில் அடுக்கச் சொல்லுங்கள். க முதலில் வரும். ஆக கலியபெருமாள் மேலே ஏறி, தலைப்பு வரிக்கு நேர் கீழே வந்து உட்காருவார். அவர் ஊர் மேற்படி. அதற்கு மேலே இருப்பதோ 'ஊர்' என்ற தலைப்பு. கலியபெருமாள் எந்த ஊர் என்று இனி அந்த ஷீட்டைக் கேட்டுப் பயனில்லை. அவருக்குப் பேராவூரணியைத் திரும்பக் கொடுத்து, பட்டியலையும் பழையபடி ஆக்கிவிடுங்கள்.

ஆகவே ஒவ்வொரு வரியும் தன்னந்தனியாகத் தூக்கிப் போட்டாலும் முழு விஷயமும் சொல்லவேண்டும். ஊர், பெயர், தொகை மூன்றும் அந்த வரியிலேயே இருக்கவேண்டும். ஐம்பது தடவை பேராவூரணி என்று தட்டுவதா என்று சலிக்காதீர்கள். மேல் கட்டத்தில் உள்ளதை அப்படியே கீழே எடுக்க கன்ட்ரோலும் டி-யும் சேர்த்து அழுத்தினால் போதும். எக்ஸெலில் முதல் எழுத்தைத் தட்டும்போதே, அந்த நெடுவரிசையில் முன்பு எழுதிய ஊரை அது நீட்டவும் செய்யும். நடுவில் வெற்று வரி விடாதீர்கள், பட்டியல் அங்கேயே முடிந்துவிட்டது என்று நினைத்துக்கொள்ளும். கட்டங்களை இணைக்கும் மெர்ஜ் என்ற பொத்தானை முதல் ஆறு மாசத்துக்கு இருப்பதாகவே நினைக்காதீர்கள். அது அச்சடிக்கப் போகும் தாளுக்கு அழகு. கணக்குக்கு விஷம்.

ஒரு கட்டத்தில் ஒரே விஷயம் என்பதும் இதே கதைதான். '501 + மோதிரம்' என்று தொகைக் கட்டத்தில் எழுதினால் 501-ம் போச்சு, மோதிரமும் போச்சு. மோதிரத்துக்குத் தனி நெடுவரிசை போடுங்கள். டி-யில் போன் நம்பர், இ-யில் தங்கம் எத்தனை கிராம் என்று வைத்துக்கொள்வோம்.

இப்படி அடுக்கிவிட்டால் கேள்வி கேட்கலாம். பேராவூரணிக்காரர்கள் மொத்தம் எவ்வளவு செய்திருக்கிறார்கள்? =சம்இஃப்(ஏ:ஏ,"பேராவூரணி",சி:சி) என்று தட்டினால் 1502 என்று வரும். ஏ நெடுவரிசையில் பேராவூரணி என்று இருக்கிற வரிகளை மட்டும் பார், அந்த வரிகளின் சி தொகையைக் கூட்டு என்று பொருள். எழுத்து ஒத்துப்போக வேண்டும் என்பதுதான் ஒரே நிபந்தனை. ஒருவர் 'பேராவூரணி' என்றும் இன்னொருவர் 'பேராவூரனி' என்றும் தட்டியிருந்தால் அதற்கு இரண்டும் வேறு வேறு ஊர். பின்னால் ஒரு இடைவெளி அதிகமாக விழுந்திருந்தாலும் வேறு ஊர்தான். இரண்டு மூன்று பேர் சேர்ந்து தட்டுகிற கணக்கு என்றால், ஊர்ப் பெயர்களைப் பட்டியலாகக் கொடுத்து, அதிலிருந்து மட்டுமே தேர்ந்தெடுக்கும்படி டேட்டா வேலிடேஷன் வைத்துவிடுங்கள். இன்னொன்று: அச்சகத்தில் பாமினி மாதிரி பழைய எழுத்துருவில் தட்டிய பட்டியல் உங்களிடம் இருந்தால், அதை முதலில் யூனிகோடுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். திரையில் தமிழாகத் தெரிந்தாலும் உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துகள். தேடினால் அகப்படாது, அடுக்கினால் தமிழ் அகர வரிசை வராது.

ஃபில்டர் இதைவிடச் சுலபம். தலைப்பு வரியில் நின்று ஃபில்டரைப் போட்டால் ஒவ்வொரு தலைப்பிலும் ஒரு சின்ன அம்புக்குறி வரும். ஊர் என்பதில் கீரமங்கலத்தை மட்டும் டிக் செய்தால் மற்ற வரிகள் ஒளிந்துகொள்ளும். அழியாது, ஒளியும், அவ்வளவுதான். ஆனால் அடுக்கும்போது, அதாவது சார்ட் செய்யும்போது, ஜாக்கிரதை. பெயர் நெடுவரிசையை மட்டும் தேர்ந்து சார்ட் கொடுத்தால் எக்ஸெல் ஒரு கேள்வி கேட்கும்: பக்கத்தில் உள்ளவற்றையும் சேர்த்துக்கொள்ளவா என்று. படிக்காமல் 'வேண்டாம்' என்று தட்டிவிட்டால் பெயர்கள் மட்டும் இடம் மாறும், தொகைகள் அங்கேயே நிற்கும். ராமையாவின் 2001 வேறு யாருடையதோ ஆகிவிடும். உடனே கவனித்தால் கன்ட்ரோல்-இசட் அழுத்தித் தப்பிக்கலாம். சேமித்து மூடிவிட்டு அடுத்த வாரம் கவனித்தால் நோட்டை வைத்துக்கொண்டு முதலிலிருந்துதான்.

இனி தங்கத்துக்கு வருவோம். அன்றைய கிராம் விலையை ஹெச்1 கட்டத்தில் ஒரே ஒரு தடவை எழுதுங்கள். செல்வராசுவும் இன்னும் சிலரும் மோதிரம் செய்தார்கள் என்று வைத்துக்கொண்டு, கிராமை இ-யில் எழுதுங்கள். செல்வராசு செய்த மோதிரத்தின் மதிப்பை எஃப்2-இல் =இ2*ஹெச்1 என்று போடுங்கள். நட்சத்திரக் குறி பெருக்கல். சரியாக வரும். மற்றவர்களுக்கும் வேண்டுமே என்று, எஃப்2 கட்டத்தின் வலது கீழ் மூலையில் உள்ள சின்னச் சதுரத்தைப் பிடித்துக் கீழே இழுக்கிறீர்கள். முதல் வரி தவிர எல்லாம் பூஜ்யம்! எஃப்3-ஐத் தொட்டுப் பாருங்கள். =இ3*ஹெச்2 என்று இருக்கும். நீங்கள் ஒரு வரி இறங்கியதால் அதுவும் எல்லா விலாசத்தையும் ஒரு வரி இறக்கிவிட்டது. இ3 என்று இறங்கியது சரி, அது நமக்கு வேண்டியதுதான். ஹெச்2 என்று இறங்கியது தப்பு, அங்கே ஒன்றும் இல்லை.

ஃபார்முலாவில் உள்ள விலாசம் கதவு எண் மாதிரி இல்லை. 'எனக்கு இடப்பக்கத்துக் கட்டம்', 'எனக்கு இரண்டு கட்டம் தள்ளி மேலே உள்ளது' என்று, நிற்கிற இடத்திலிருந்து கை காட்டுவதுதான். நிற்கிற இடம் மாறினால் கை காட்டும் இடமும் மாறும். மாறக்கூடாது என்றால் ஆணி அடிக்கவேண்டும். அந்த ஆணிதான் டாலர் குறி. =இ2*$ஹெச்$1 என்று எழுதி இழுத்தால் எத்தனை வரி இறங்கினாலும் ஹெச்1 அசையாது. கம்ப்யூட்டரில் ஹெச்1 என்று தட்டியதும் எஃப்4 என்ற விசையை அழுத்தினால் டாலர்கள் தானாக வந்து உட்காரும். ஆரம்பநிலையில் எல்லோரும் தடுக்கி விழுகிற இடம் இது. மெதுவாக இரண்டு தடவை செய்து பாருங்கள், பிடிபட்டுவிடும். விலையை ஒவ்வொரு ஃபார்முலாவுக்குள்ளும் எண்ணாகவே எழுதிவிடலாமே என்று தோன்றும். வேண்டாம். நாளைக்கு விலை ஏறினால் ஹெச்1-ஐ மட்டும் மாற்றுவீர்களா, முந்நூறு கட்டத்தைத் திருத்துவீர்களா?

பிழைச் செய்திகளைப் பற்றிச் சுருக்கமாக. #நேம்? என்றால் ஃபார்முலாவின் பெயரைத் தப்பாகத் தட்டியிருக்கிறீர்கள். #டிவ்/0! என்றால் பூஜ்யத்தால் வகுத்திருக்கிறீர்கள். #வேல்யூ! என்றால் எண் இருக்கவேண்டிய இடத்தில் எழுத்து. #ரெஃப்! என்றால் ஃபார்முலா கை காட்டிய வரியையோ நெடுவரிசையையோ நீங்கள் நீக்கிவிட்டீர்கள். இவையெல்லாம் நல்ல பிழைகள். வாய் திறந்து சொல்கின்றன.

வாய் திறக்காத பிழையில் இன்னொன்று மிச்சம் இருக்கிறது. ஜே1-இல் சி2 முதல் சி6 வரை என்று சொன்னோம். ஏழாவது வரியில் ஆறாவது ஆள் வந்தால்? அவர் கூட்டலில் சேராமலே போகலாம். பெரிய இடத்திலும் இது நடந்திருக்கிறது. கார்மன் ரைன்ஹார்ட், கென்னத் ரோகாஃப் என்ற இரண்டு பொருளாதாரப் பேராசிரியர்கள், நாட்டின் கடன் ஒரு எல்லை தாண்டினால் வளர்ச்சி சரியும் என்று 2010-இல் கட்டுரை எழுதினார்கள். பல நாட்டு அரசியல்வாதிகள் செலவைக் குறைக்க அதைச் சாட்சியாகக் காட்டினார்கள். 2013-இல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மாணவர் தாமஸ் ஹெர்ன்டன் அவர்களுடைய எக்ஸெல் கோப்பை வாங்கிப் பார்த்தபோது, 30 முதல் 49 வரை எடுக்கவேண்டிய சராசரி 30 முதல் 44-ஆவது வரியோடு நின்றிருந்தது. ஆஸ்திரேலியா, ஆஸ்திரியா, பெல்ஜியம், கனடா, டென்மார்க் என்று ஐந்து நாடுகள் வெளியே. அந்தக் கட்டுரையில் வேறு சர்ச்சைகளும் உண்டு. ஆனால் உலகம் முழுக்கப் பேசியது இந்த ஐந்து வரியைத்தான்.

நமக்குத் தீர்வு எளிது. =சம்(சி:சி) என்று எழுதினால் சி நெடுவரிசை முழுக்கக் கூட்டும், எத்தனை பேர் வந்தாலும் சேரும். தலைப்பில் உள்ள 'தொகை' என்ற சொல் எழுத்து என்பதால் அதைத் தாண்டிவிடும். இந்த மொத்தத்தைச் சி நெடுவரிசைக்குள்ளேயே மட்டும் வைத்துவிடாதீர்கள், தன்னைத் தானே கூட்டச் சொன்னால் அது திகைத்துப்போய் எச்சரிக்கை காட்டும். நோட்டில் பக்கத்துக்குப் பக்கம் அடியில் மொத்தம் போட்டு, 'முன் பக்கத் தொகை' என்று அடுத்த பக்கத்துக்குக் கொண்டுபோவோமே, அந்தப் பழக்கத்தையும் வாசலிலேயே விட்டுவிட்டு வாருங்கள். மொத்தம் எப்போதும் தள்ளி, மேலே, தனியாக இருக்கட்டும்.

வீலுக்அப், பிவட் டேபிள் என்றெல்லாம் காதில் விழும். பிவட் டேபிள் நல்ல பொருள். ஊர் வாரியாக மொத்தத்தை நான்கு க்ளிக்கில் கொடுத்துவிடும். அடுக்கு சரியாக இருந்தால் அதை ஒரு மத்தியானத்தில் கற்றுக்கொள்ளலாம். அடுக்கு தப்பாக இருந்தால் ஒரு வருஷம் படித்தாலும் அது உங்களுக்கு வேலை செய்யாது. காசு வாங்கிக்கொண்டு நூறு ஃபார்முலா சொல்லித்தருகிற வகுப்புகளில் இந்தப் பாடத்தை ஏனோ கடைசியில் வைக்கிறார்கள், அல்லது வைப்பதே இல்லை.

இரண்டு நடைமுறை விஷயம் சொல்லி முடிக்கிறேன். கூகுள் ஷீட்ஸ் தானாகச் சேமித்துக்கொள்ளும். கம்ப்யூட்டர் எக்ஸெலில் கன்ட்ரோல்-எஸ் உங்கள் பொறுப்பு. குடும்பத்தில் பலருக்கும் லிங்க் அனுப்பும்போது பார்க்க மட்டும் அனுமதி கொடுங்கள். திருத்தும் அனுமதி இரண்டு பேருக்கு மேல் வேண்டாம். மொய்க் கணக்கில் தெரியாமல் ஒரு எண் மாறினாலும் வருவது சாதாரணச் சண்டை இல்லை.

இன்று ராத்திரி நோட்டில் முதல் இரண்டு பக்கத்தைத் தட்டிப் பாருங்கள். கோடு போடாமல், மேற்படி போடாமல். எல்லாம் ஏறி முடிந்தபிறகும் பழைய நோட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். தட்டும்போது 501 என்பது 5001 ஆகியிருந்தால், அதைக் கண்டுபிடிக்கிற ஃபார்முலா எந்த மென்பொருளிலும் இல்லை. நோட்டைத்தான் பிரித்துப் பார்க்கவேண்டும்.